மூப்பர்

"அம்மா, வெள்ளைச் சட்டையில சைக்கிள் செயின் கறை, எப்படிப் போகும்?"

தைபேயில் எங்கள் தெருச் சலவைக்கடையில், வீடியோ காலில் கேட்டுக்கொண்டிருந்தான் ஒரு அமெரிக்கப் பையன். மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மிஷனரி. வயது 19 இருக்கும். முகத்தில் பரு.

கூடையில் கிடந்த ஒரு சட்டையில் கறுப்புப் பெயர்ப்பட்டை கழற்றாமலே இருந்தது. பெயரோடு சீனத்தில் 'எல்டர்', இவர்களின் ஆண் மிஷனரிகளுக்கான பட்டம். நம்ம பைபிள் தமிழில் மூப்பர்!

இரண்டு வருடம் இங்கேதான். 2019 வரை வீட்டுக்கு ஃபோன் வருடத்துக்கு இரண்டே முறை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போது வாராவாரம் பேசலாம். பரவாயில்லை.

நானும் ஒருமுறை வீடு தேடி வந்த இவர்களிடம் "வேண்டாம்" என்று கதவைச் சாத்தியவன்தான்.

அம்மா ஏதோ சொன்னாள். உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தான்.

அப்புறம்தான் கவனித்தேன், அது அவன் சட்டையே இல்லை. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டாளியுடையது.