பணயம் யார்? ஒரு குற்றக்கதையும் ஒரு நோட்டும், இதுவரை

கடனில் மூழ்கிய ஒருவன் பணத்துக்காக எதுவரை போவான் என்பதை வைத்து ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்து வந்து ராத்திரியில் எழுதுவதால் மெதுவாகத்தான் நகர்கிறது. கூடவே இன்னொரு வேலையும் நடக்கிறது. இதே விஷயத்தைத் தொட்ட இருண்ட த்ரில்லர்களைக் கையில் நோட்டோடு உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது. நோட்டில் என்ன சேர்ந்தது, அதனால் என் கதை எப்படி மாறியது என்று எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு. முக்கியமான திருப்பங்களைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது, அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டே படியுங்கள்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு படத்துக்கும் நான்கு விஷயம் குறித்தேன். தொகை எவ்வளவு, யாருக்குக் கொடுக்க வேண்டும், கெடு எப்போது, எந்த இடத்தில் திரும்பியிருக்கலாம். தொகையைத் தெளிவாகச் சொல்லும் படங்கள்தான் மனதில் நிற்கின்றன என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 2016-ல் வந்த ‘ஹெல் ஆர் ஹை வாட்டர்’ படத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் தேவை சுமார் 43,000 டாலர், அம்மா விட்டுப்போன பண்ணையை வங்கி எடுத்துக்கொள்வதற்குள். அதே வங்கியின் கிளைகளிலேயே கொள்ளையடித்து அதே வங்கிக்குக் கடனைக் கட்டுகிறார்கள். அந்தத் தொகை காதில் விழுந்த பிறகு அவர்கள் செய்வது எதுவும் வெறும் சினிமாவாகத் தெரிவதில்லை.

ஆனால் இந்த நான்கும் போதவில்லை. 1953-ல் வந்த ‘தி வேஜஸ் ஆஃப் ஃபியர்’, ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ எடுத்த பிரெஞ்சுப் படம், அதைப் பார்த்த அன்றுதான் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தேன். தென்னமெரிக்காவில் ஒரு மூலை ஊர், பிழைக்க வந்து திரும்பிப் போகக் காசில்லாமல் கிடக்கும் வெளிநாட்டுக்காரர்கள். தூரத்தில் எண்ணெய்க் கிணறு தீப்பிடிக்கிறது. அதை அணைக்க நைட்ரோகிளிசரின் வேண்டும், கொஞ்சம் குலுங்கினாலும் வெடித்துவிடும் சரக்கு. நான்கு பேர், இரண்டு லாரி, ஆளுக்கு 2,000 டாலர். கம்பெனி ஏன் இவர்களைப் பிடிக்கிறது என்பதைப் படமே மறைக்காமல் சொல்லிவிடுகிறது. இவர்களுக்குச் சங்கம் கிடையாது, குடும்பம் கிடையாது, வெடித்துச் செத்தால் நஷ்டஈடு கேட்டு வர யாரும் கிடையாது.

அதில் ஒரு காட்சி. முன்னால் போன லாரி வெடித்துவிட்டது. வெடித்த இடத்தில் பள்ளம், உடைந்த குழாயிலிருந்து கச்சா எண்ணெய் வழிந்து பள்ளம் நிறைகிறது. பின்னால் வருகிறவர்கள் மாரியோவும் ஜோவும். ஜோ எண்ணெய்க்குள் இறங்கி வழி காட்டுகிறான், மாரியோ ஓட்டுகிறான். ஜோ வழுக்கி விழுகிறான், எழ முடியவில்லை. லாரியை நிறுத்தினால் சேற்றில் புதைந்துவிடும், அப்புறம் கிளப்ப முடியாது. மாரியோ நிறுத்தவில்லை. சக்கரம் ஜோவின் காலில் ஏறி இறங்குகிறது. அதுவரைக்கும் இருவரும் பணயம் வைத்தது தங்கள் தங்கள் உயிரை. அந்த நொடியில் மாரியோ இன்னொருத்தன் உடம்பை எடுத்துப் பணயம் வைக்கிறான். பள்ளத்தைத் தாண்டியதும் ஓடிவந்து அவனைத் தூக்குகிறான், கொஞ்சுகிறான், பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருகிறான், ஆனாலும் ஜோ போய்ச் சேரும் முன் செத்துப்போகிறான். அவன் பங்கும் மாரியோவுக்கே கிடைக்கிறது.

பணயம் யார்? இதுதான் நான் சேர்த்த ஐந்தாவது கேள்வி. சேர்த்ததும் பழைய குறிப்புகளையெல்லாம் மறுபடி புரட்டிப் பார்த்தேன், எல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. நெருக்கடியில் இருப்பவன் முதலில் விற்பது தன்னைத்தான். தன்னிடம் விற்க ஒன்றும் மிச்சமில்லாதபோதுதான் பக்கத்தில் இருப்பவன் மேல் கை போகிறது. நல்ல படங்கள் அந்தக் கை நகரும் நேரத்தை அவசரப்படாமல் காட்டுகின்றன. நமக்கு இது புதிதும் அல்ல. தருமன் சூதில் நாட்டை வைத்தான், தம்பிகளை வைத்தான், தன்னையும் வைத்துத் தோற்றான், அதற்கப்புறம்தான் பாஞ்சாலியை வைத்தான். தன்னையே தோற்றவனுக்கு என்னை வைக்க என்ன உரிமை என்று அவள் கேட்ட கேள்விக்கு அந்தச் சபையில் பதில் இல்லை.

கடனில் மூழ்கியவர்கள் பரிசுப் பணத்துக்காகச் சிறுவர் ஆட்டங்களை ஆடி, தோற்றால் சாகிற கொரியத் தொடர் ‘ஸ்க்விட் கேம்’ (2021). அதை இந்தக் கேள்வியோடு மறுபடி பார்த்தேன். எல்லாரும் பேசுவது 456 பேர், 4,560 கோடி வோன் பரிசு, பச்சை உடை, பெரிய பொம்மை. எனக்கு முக்கியமாகப்பட்டது இரண்டாவது பகுதி, ஆட்டமே இல்லாத பகுதி. முதல் ஆட்டத்தில் பாதிக்கு மேல் செத்த பிறகு மீதி 201 பேர் ஓட்டுப் போட்டு, 101-க்கு 100 என்ற கணக்கில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். யாரும் துப்பாக்கி நீட்டவில்லை, வெளியே சுதந்திரம்தான். போன இடத்தில் அம்மாவுக்கு சர்க்கரை முற்றிக் கால் அழுகுகிறது, முதலாளி மாதக்கணக்கில் சம்பளம் தராமல் இழுத்தடிக்கிறான், கடன்காரன் வாசலில் நிற்கிறான். 187 பேர் தாங்களாகவே திரும்பி வருகிறார்கள். இதை எழுத ஒருவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதற்கு முந்தைய பகுதியிலேயே நாயகன் கி-ஹுன், கெடுவுக்குள் கட்டாவிட்டால் கிட்னியும் கண்ணும் உங்களுக்கு என்று, தன் மூக்கில் வழிந்த ரத்தத்திலேயே ரேகை வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். உள்ளே போவதற்கு முன்பே உடம்பு அடமானத்தில் இருக்கிறது.

அதே தொடரில் சாங்-வூ. பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவன், அம்மாவின் மீன்கடையையும் வீட்டையும் அடகு வைத்துத் தொலைத்தவன். வீட்டுக்கு அனுப்பப்பட்ட அன்று, பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்தே போகக் கிளம்பிய பாகிஸ்தான் தொழிலாளி அலிக்குக் காசு கொடுத்து அனுப்புகிறவன் இவன்தான். அந்தப் பணத்தை அவன் நடிப்புக்காகக் கொடுக்கவில்லை, அதை நம்பித்தான் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும். பிறகு கோலி ஆட்டத்தில், அண்ணன் அண்ணன் என்று நம்பி நிற்கும் அதே அலியின் பையில் கோலியை எடுத்துக்கொண்டு கூழாங்கல்லைப் போட்டு, பையைக் கழுத்தில் பத்திரமாகக் கட்டியும் விடுகிறான். கெட்டவன் ஒருத்தன் கெட்டது செய்வதைப் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. பஸ் காசு கொடுத்த கைதான் முடிச்சையும் போடுகிறது என்பதைத்தான் நோட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

இதற்கு நேர் எதிர் ‘ஃபார்கோ’ (1996). கார் விற்கும் ஜெர்ரி தன்னிடமுள்ள எதையும் பணயம் வைப்பதே இல்லை, நேராகப் பெண்டாட்டியைத்தான். அவளைக் கடத்தச் சொல்லி ஆள் பிடிக்கிறான். கடத்தல்காரர்களிடம் மீட்புப்பணம் 80,000 டாலர், அதில் பாதி உங்களுக்கு என்கிறான், மாமனாரிடம் பத்து லட்சம் டாலர் கேட்கிறார்கள் என்கிறான். அற்புதமான படம், ஆனால் ஜெர்ரி மேல் எனக்குத் துளி இரக்கம் வரவில்லை, வரவும் கூடாது என்றே நினைக்கிறேன். ‘எ சிம்பிள் பிளான்’ (1998) படத்தில் பனிக்காட்டில் விழுந்த விமானத்தில் 44 லட்சம் டாலர் கிடைக்கிறது. அது நெருக்கடி அல்ல, ஆசை. அதைத் தனிப் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன், அதில் வரும் அண்ணன் ஜேக்கப் மட்டும் இரண்டு பக்கத்திலும் இருக்கிறான். ‘13 ட்ஸமெட்டி’ (2005) கறுப்பு வெள்ளைப் படம். கூரை வேலை பார்க்கும் புலம்பெயர்ந்த பையன், கூலி தர வேண்டியவர் செத்துப்போனதால், அவருக்கு வந்த கடிதத்தோடு அவர் இடத்தில் போய் நிற்கிறான். வட்டமாக நிற்க வைத்து, ஒவ்வொருவரும் முன்னால் இருப்பவன் தலையில் துப்பாக்கியை வைக்க வேண்டும், பல்பு எரிந்ததும் சுட வேண்டும். தன் உயிரையும் அடுத்தவன் உயிரையும் ஒரே சொடுக்கில் வைக்கிற ஏற்பாடு. அந்தப் பல்பை அவர்கள் அண்ணாந்து பார்க்கும் முகங்களை அதற்கப்புறம் என்னால் மறக்க முடியவில்லை.

படங்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுதக்கூடாது என்று கொஞ்சம் வாசிக்கவும் செய்தேன். 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு, நம் சென்னையைப் பற்றியது. கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்துக் கேட்டிருக்கிறார்கள். 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. கைக்கு வந்த சராசரித் தொகை 1,070 டாலர். விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. கடனுக்காக விற்றவர்களில் 74 சதவீதம் பேர் ஆய்வு நடந்தபோது இன்னும் கடனில்தான் இருந்திருக்கிறார்கள். கடைசி வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு மேற்கொண்டு ஒன்றும் எழுத ஓடவில்லை. யாரையும் கொல்லவில்லை, யாரையும் கடத்தவில்லை, தன்னையே அறுத்துக் கொடுத்தார்கள், அதுவும் போதவில்லை.

என் கதை மாறியது இங்கேதான். நாயகன் செல்வம், வடசென்னையில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். முதல் வரைவில், கடன் கொடுத்துத் தினம் தினம் வசூலிக்கும் தண்டல்காரரைக் கொன்றுவிட்டு உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறான். வேகமாக ஓடிய வரைவுதான், படித்த நண்பருக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஐந்தாவது கேள்வியை அவனிடம் கேட்டபோது கொலையை எடுத்துவிட்டேன். செல்வம் தன் உடம்பை ஏற்கெனவே வைத்துவிட்டான், ராத்திரி லோடு, பகல் லோடு, தூக்கம் கிடையாது. 10,000 ரூபாய்த் தண்டலில் 1,500-ஐ முன்னாடியே பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார்கள், தினம் நூறு ரூபாயாக நூறு நாள். ஒரு தண்டலைக் கட்ட இன்னொரு தண்டல். தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி என்று பெயர் சொல்லியே 2003-ல் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்தது. செல்வத்திடம் யாரும் சட்டம் பேசுவதில்லை, சாயங்காலம் பைக்கில் வந்து அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

சரி, இவன் எல்லை தாண்டும் இடம் எது? கத்தி இல்லை. ஜாமீன் கையெழுத்து. பெரிய தொகை தர ஒருவர் சம்மதிக்கிறார், இன்னொரு ஆள் கையெழுத்து வேண்டும் என்கிறார். தன்னால் கட்ட முடியாது என்று நன்றாகத் தெரிந்தே செல்வம் தன் மனைவியின் தம்பியைக் கூட்டிப்போகிறான். இப்போதைக்கு அந்த இடம் இப்படி நிற்கிறது:

“எங்க மாமா போடணும்?”

“இங்கதான் மாப்ள. கீழயும் ஒண்ணு.”

“ஒண்ணும் எழுதவே இல்லியே மாமா இதுல?”

“அப்புறம் எழுதிப்பாங்க. நான் இருக்கேன்ல.”

பையன் ஆதார் அட்டை நகலை மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருக்கிறான். மாமா கேட்டார் என்று சந்தோஷமாக, குளித்து, நல்ல சட்டை போட்டு வந்திருக்கிறான். மூன்று பக்கம்கூட இல்லாத அத்தியாயம், எழுதி முடிக்க மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் ஆனது. படித்த அதே நண்பர், இதில் த்ரில் எங்கே என்று கேட்டார். வெற்றுப் பத்திரத்தில் அந்தப் பையன் பேனாவை வைக்கும்போது உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, அவன் அக்காவுக்கு இது தெரியுமா என்றார்.

அந்தக் கேள்வி நல்ல கேள்வி. அக்காவுக்கு இதுவரை கதையில் இரண்டே இரண்டு வசனம்தான் இருக்கிறது. இப்போது எழுதிக்கொண்டிருப்பது அவளுடைய அத்தியாயம், தண்டல்காரர் முதல்முறையாகப் பைக்கைத் திருப்பி அவள் தம்பி வேலை பார்க்கும் கடை வாசலில் நிறுத்துகிற நாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்ததா இல்லையா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. தெரிந்திருந்தால் அவளையும் அந்த ஐந்தாவது கேள்விக்குள் கொண்டுவர வேண்டியிருக்கும், அதற்கு முந்தைய நான்கு அத்தியாயங்களையும் திருத்த வேண்டும். திருத்திப் பார்க்கத்தான் போகிறேன்.