வந்த அன்றே பேச ஓர் ஆள்

பல்கலைக்கழக மாணவர் ஆலோசனை மையத்தில் வேலை பார்க்கிறேன். கூட்டங்களில் என்னிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி, "இன்னும் எத்தனை ஆலோசகர்கள் வேண்டும்?" என்பது. நியாயமான கேள்விதான். 1,000 முதல் 1,500 மாணவர்களுக்கு ஒரு முழுநேர ஆலோசகராவது இருக்க வேண்டும் என்று ஆலோசனை மையங்களுக்கான சர்வதேச அங்கீகார அமைப்பு சொல்கிறது. எங்களுக்கும் அது எட்டாத கணக்குதான். ஆனால் உதவி கேட்கலாம் என்று ஒரு மாணவர் மனதைத் தேற்றிக்கொள்ளும் நாளுக்கும், அவர் எதிரே ஒரு மனிதர் வந்து உட்காரும் நாளுக்கும் நடுவில்தான் நிறைய பேர் கைநழுவிப் போகிறார்கள். அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் முதல் வேலை என்று நினைக்கிறேன்.

முன்பெல்லாம் இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பினால்தான் எங்களைப் பார்க்க முடியும். அதில் 'பிரச்சினையின் தன்மை' என்று ஒரு பெட்டி. காலியாக விட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகாது. பலர் அதில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியை வைத்து அனுப்பியிருப்பார்கள். தூக்கமில்லாமல், வகுப்புக்குப் போக முடியாமல், எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியாமல் இருக்கும் ஒருவரிடம் போய் தன்மையை எழுது என்றால் என்ன எழுதுவார்? அதற்குப் பிறகு சில வாரம் கழித்து ஒரு தேதி கிடைக்கும். அந்தத் தேதிக்குள் தேர்வு முடிந்திருக்கும், அல்லது நிலைமை மோசமாகியிருக்கும். "இப்ப பரவாயில்லை மேடம், விடுங்க" என்று போனிலேயே முடித்துக்கொள்பவர்களும் உண்டு.

இப்போது படிவம் இல்லை. யார் வந்தாலும் அன்றைக்கே அரை மணி நேரம் பேசுகிறோம். கணிசமான பேருக்கு அந்த ஒரு பேச்சே போதுமானதாக இருக்கிறது. சிலர் குழு அமர்வுக்குப் போகிறார்கள், சிலர் தொடர்ந்து வருகிறார்கள், சிலரை மனநல மருத்துவரிடம் அனுப்புகிறோம். தேவைக்கேற்ப படிப்படியாக உதவும் இந்த வழியை உயர்கல்விக்கு ஏற்றபடி செதுக்கியவர்களில் முக்கியமானவர் கனடாவின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருந்த பீட்டர் கார்னிஷ். எல்லாருக்கும் முழுச் சிகிச்சை என்று வைத்துக்கொண்டால், கடைசியில் எல்லாரும் வரிசையில்தான் நிற்பார்கள்.

அந்த அரை மணி நேரத்தில் நான் விடாமல் கேட்பது ஒன்று உண்டு. மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் பிஎச்க்யூ-9 வினாத்தாளில் ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை. மொத்த மதிப்பெண் 0 முதல் 27 வரை. ஒன்பதாவது, இறந்துபோனால் தேவலை என்ற எண்ணமோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது. அதை நான் தாளில் டிக் போடச் சொல்லி விட்டுவிடுவதில்லை. முகத்தைப் பார்த்து, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிட மாட்டோமா என்று பேராசிரியர்கள் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒரு மாணவி மடியில் இருந்த பையை அப்போதுதான் கீழே வைத்தாள். "இதை யாருமே கேட்டதில்ல மேடம்" என்றாள்.

ஆம் என்று பதில் வந்தால், சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவோம். ஸ்டான்லி, பிரவுன் என்ற இரண்டு உளவியலாளர்கள் உருவாக்கிய முறை அது. நிலை மோசமாவதன் அடையாளங்கள், தானே செய்யக்கூடியவை, யாருடன் போய் இருக்கலாம், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த மருத்துவரை அழைக்கலாம், அறையில் ஆபத்தானவற்றை எப்படி அப்புறப்படுத்துவது என எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். எழுதுவது மாணவர்தான். சொந்தக் கையெழுத்தில், சொந்த வார்த்தைகளில் இருந்தால்தான் நள்ளிரவில் எடுத்துப் பார்க்கத் தோன்றும்.

"இது என் ரெக்கார்டுல போகுமா?" என்ற கேள்விக்காக இப்போதெல்லாம் நான் காத்திருப்பதில்லை. போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வேறொருவரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், ஆட்களை எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பவர்கள். பெரும்பாலும் அது பேராசிரியர் அல்ல, துறை அலுவலக ஊழியர்தான். வருகைப் பதிவு குறைவதும், கட்டணம் நிலுவையாவதும் முதலில் அவர் கண்ணில்தான் படுகின்றன. "ஆலோசனை மையத்தை அணுகவும்" என்று மின்னஞ்சல் அனுப்புவதற்குப் பதிலாக, "வாங்க, நானும் கூட வர்றேன்" என்று அவர் நடந்து வந்தால் அந்த மாணவர் வந்து சேர்ந்துவிடுகிறார். ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்ததில் கிடைத்த பலன் இது.

ஆனால் மையத்துக்குள் என்ன செய்தாலும், பல்கலைக்கழகத்தின் விதிகள் வெளியே தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. 2018இல் வெளியான உலக சுகாதார அமைப்பின் ஆய்வுத் திட்டம் ஒன்றில், 8 நாடுகளின் 19 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த சுமார் 14,000 முதலாண்டு மாணவர்களைக் கேட்டார்கள். வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்ததற்கான அறிகுறி 35 சதவீதம் பேரிடம் தெரிந்தது. மூன்றில் ஒருவர் என்றால் அது விதிவிலக்கு இல்லை. ஆனாலும் ஒப்படைப்புக்கு இரண்டு நாள் கூடுதல் அவகாசம் தர மருத்துவச் சான்றிதழ் கேட்கிறோம். எழுந்து நடமாடவே முடியாதவர் சான்றிதழுக்கு எங்கே அலைவார்?

ஒப்படைப்புகளின் கடைசி நேரத்தை நள்ளிரவிலிருந்து மாலை ஐந்துக்கு மாற்றவும், முதல் முறை கேட்கும் அவகாசத்தைச் சான்றிதழ் இல்லாமல் தரவும் கேட்டிருக்கிறேன். இரண்டு துறைகள் அடுத்த பருவத்திலிருந்து மாற்றுவதாகச் சொல்லியிருக்கின்றன. மற்ற துறைத் தலைவர்களைப் பார்க்க நேரம் கேட்டு எழுதியாகிவிட்டது.