ஜூன் 15, நள்ளிரவு

அமெரிக்காவில் டிவிஷன் ஒன், அதாவது கல்லூரி விளையாட்டின் முதல் அடுக்கில் இருக்கும் கல்லூரிகளின் கோச்சுகள், சாக்கர் (நம்மூர் ஃபுட்பால்) ஆடும் பள்ளிப் பிள்ளைகளோடு நேரடியாகப் பேச, பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15-இலிருந்துதான் அனுமதி. அன்று இரவு 12 மணிக்கு மகள் போனை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள், நானும் தூக்கம் வராத மாதிரி நடித்துக்கொண்டு பக்கத்திலேயே. ஒரு மெசேஜும் இல்லை. காலையில் பார்த்தால் அவளே இருபது கோச்சுகளுக்கு மெயில் தட்டிக்கொண்டிருக்கிறாள், மூன்று நிமிட வீடியோ, ஜெர்ஸி நம்பர், மார்க் எல்லாம் சேர்த்து.

ஊரிலிருந்து அக்கா போன் செய்து, "படிப்பு ஃப்ரீயாமே?" என்கிறாள். எங்கே! மூன்றாம் அடுக்கான டிவிஷன் த்ரீயில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடத் தர மாட்டார்கள். முதல் பதில் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. சரி, சனிக்கிழமை கிளம்புகிறோம், நாலு மணி நேர டிரைவ்.