ஃபிரெஞ்சு நாவலுக்குத் தமிழ் ரைட்ஸ் வாங்கின கதை

எங்களோடது சின்ன பதிப்பகம், வருஷத்துக்கு ஏழெட்டு புக்தான். 2023 ஜனவரில நந்தனத்துல முதல் தடவையா சென்னை இன்டர்நேஷனல் புக் ஃபேர் (பல நாட்டுப் பதிப்பகங்க மொழிபெயர்ப்பு ரைட்ஸ் பேசற இடம்) நடந்துச்சுல்ல, அதுக்கப்புறம்தான் நாமளே நேரா ரைட்ஸ் கேட்டுப் பாப்போமேன்னு தைரியம் வந்துச்சு. நாங்க ஆசைப்பட்ட நாவலை எழுதினவங்க இப்பவும் எழுதிட்டு இருக்காங்க, அதனால ரைட்ஸ் இல்லாம தொடக்கூடாது. (ரைட்ஸ் வாங்காம போடணும்னா நம்ம சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 வருஷம் போகணும், ஃபிரான்ஸ்ல 70.)

ஃபிரெஞ்சு பதிப்பகத்துக்கு மெயில் போட்டதும் அவங்க கேட்டது எத்தனை காப்பி, என்ன விலை, எப்ப வரும், மொழிபெயர்க்கறவர் நேரா ஃபிரெஞ்சுலேர்ந்து பண்றாரா இங்கிலீஷ் வழியாவான்னு. 500 காப்பின்னு உள்ளதையே சொன்னோம். நீங்களும் கூட்டிச் சொல்லாதீங்க, விலை, காப்பி, ராயல்டி சதவீதம் மூணையும் பெருக்கித்தான் அட்வான்ஸ் போடறாங்க.

கான்ட்ராக்ட் வந்துச்சு. படிச்சா டெரிட்டரிங்கற இடத்துல, அதாவது எங்கெங்க விக்கலாம்ங்கற இடத்துல, 'இந்தியத் துணைக்கண்டம்'னு இருக்கு. இங்கிலீஷ் ரைட்ஸை நாடு நாடா பிரிச்சு விக்கறது வழக்கம், அந்த டிராஃப்டையே நமக்கும் அனுப்பிருக்காங்க. எனக்கு மனசே ஆறல. இலங்கை வேணா இதுல வந்துடும், மலேசியா, சிங்கப்பூர், டொரண்டோல இருக்கற வாசகருக்கு என்ன பதில்? அதைவிட, பாரிஸ்லயே லா ஷப்பெல் பக்கம் தெரு முழுக்க ஈழத்தமிழர் கடைங்க, அங்க போய் அந்த ஊர் நாவலோட தமிழை விக்க முடியாதுன்னா எப்படி! தமிழ் ஒரு நாட்டு மொழி இல்ல, உரிமையை மொழிக்குக் குடுங்க, நாட்டுக்கு வேணாம்னு ரெண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பதினோரு நாள் பதிலே இல்ல, அப்புறம் 'தமிழ் மொழி, உலகம் முழுவதும்'னு மாத்தி புது டிராஃப்ட் வந்துச்சு. அன்னிக்கு நான் அழுதுட்டேன்.

கஷ்டம் அதுக்கப்புறம்தான், பணம் அனுப்பறது. ராயல்டிக்கு இங்க டிடிஎஸ் பிடிக்கணும், ஃபிரான்ஸோட இருக்கற வரி ஒப்பந்தப்படி 10 சதவீதம், ஆனா அவங்ககிட்டேர்ந்து டேக்ஸ் ரெசிடென்சி சர்டிஃபிகேட் (அவங்க ஃபிரான்ஸ்ல வரி கட்டறவங்கங்கறதுக்கு அத்தாட்சி) வந்தாத்தான் அந்த ரேட், அது வர்றதுக்கே ரெண்டு மாசம் ஆச்சு. பேங்க்ல 15சிபி கொண்டா (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஆடிட்டர் தர்ற ஃபார்ம்), ஆடிட்டர் கையெழுத்து வேணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க, வருஷத்துக்கு 5 லட்சத்துக்குள்ளன்னா பணம் அனுப்பறவங்களே நிரப்பற 15சிஏ ஃபார்ம்ல பார்ட் ஏ மட்டும் போதும்னு ரூலை பிரிண்ட் எடுத்துட்டுப் போய் காட்டினப்புறம்தான் பணம் போச்சு. கான்ட்ராக்ட் கையெழுத்தானதும் அன்னிக்கே சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்கி வச்சுக்கங்க, புக் வர்ற தேதி வரைக்கும் இழுக்காதீங்க.

அட்டையை அவங்க பாத்து ஓகே சொன்னாங்க, உள்பக்கத்துல ஃபிரெஞ்சு தலைப்பும் காப்பிரைட் வரியும் அவங்க குடுத்தபடியே ஒரு எழுத்து மாறாம போட்டோம். பிரஸ்லேர்ந்து வந்த முதல் கட்டுலயே 15 காப்பி தனியா எடுத்து வச்சேன், பாரிஸ்லேர்ந்து லீவுக்கு வந்த ஒரு அக்கா பெட்டில வச்சு லா ஷப்பெல்லுக்கு எடுத்துட்டுப் போனாங்க.