அவருக்குப் புண்ணே வந்ததில்லை, எனக்கு மட்டும் ஹெர்பீஸ்: சரியான டெஸ்டுக்கு அலைந்த கதை

"ரெண்டு பேருக்கும் வெளியில் யாரோடும் தொடர்பு கிடையாது, வீட்டுக்காரருக்கு ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை, அப்புறம் எனக்கு எப்படி வந்தது?" ஹெர்பீஸ் என்பது பிறப்புறுப்பில் கொப்புளம் போடும், உடலுறவில் தொற்றும் வைரஸ்; இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதைப் பொறுமையாகச் சொல்லும் ஆளிடம் போய்ச் சேர்வதற்குள் திருச்சியில் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் எழுதுகிறேன். கல்யாணமாகி ஏழு வருஷம், ஒரு பெண் குழந்தை. பேர் வேண்டாம்.

ஆரம்பம் இப்படித்தான். காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டியது, ஒன்றுக்குப் போனால் உயிர் போகிற எரிச்சல். தெருமுனை கிளினிக்கில் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அதற்குள் கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள் வந்துவிட்டன. அடுத்துப் போன லேடி டாக்டர் எட்ட நின்றே ஒரு பார்வை பார்த்துவிட்டு, பூஞ்சை என்று ஒரு க்ரீம் எழுதினார். அதைப் போட்டதும் எரிந்த எரிச்சலில் ராத்திரி முழுக்க ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

தோல் டாக்டரிடம் போனபோது கொப்புளம் உடைந்து பொருக்குத் தட்ட ஆரம்பித்திருந்தது. அவர் பார்த்ததும் ஹெர்பீஸ் என்றார், அசைக்ளோவிர் எழுதினார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கதவு திறந்தே கிடந்தது, அடுத்த பேஷண்ட் பாதி உள்ளே வந்து நின்றுகொண்டிருந்தார், அந்த நிலையில் கேட்கிறார்: "வீட்டுக்காரர் வெளியூர்ல வேலையாம்மா?" இல்லை சார், உள்ளூர்தான் என்றேன். "அப்போ நீங்க..." என்று இழுத்துவிட்டு மருந்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்த இழுவைக்கு இன்னும் என் வயிறு எரிகிறது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கொப்புளத்தில் நீர் இருக்கும்போதே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து பிசிஆர் டெஸ்டுக்கு (வைரஸின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) அனுப்பினால் ஹெர்பீஸா, டைப் 1 ஆ (பெரும்பாலும் வாயில் வருவது) டைப் 2 ஆ (பெரும்பாலும் பிறப்புறுப்பில் வருவது) என்று தெளிவாகத் தெரிந்துவிடும். பொருக்குத் தட்டிய பிறகு எடுத்தால் வைரஸ் சிக்காமலே போகலாம், நெகட்டிவ் வந்தாலும் அதை நம்ப முடியாது. முதலில் பார்த்த இரண்டு பேரில் ஒருவராவது இதைச் செய்திருந்தால் பின்னால் வந்த பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

லேபில் அடுத்த கூத்து. சீட்டில் "ஹெர்பீஸ் ரத்தப் பரிசோதனை" என்று மட்டும் இருந்தது. கவுண்டரில் இருந்த பெண், "டார்ச் பேக்கேஜா எடுத்தா சீப் மேடம்" என்று தட்டிவிட்டார். டார்ச் என்பது பொதுவாகக் கர்ப்பிணிகளுக்கு எடுப்பது. ருபெல்லா, அது இது என்று எனக்குத் தேவையே இல்லாததற்கெல்லாம் சேர்த்துக் காசு கொடுத்தேன். ஹெர்பீஸில் ஐஜிஎம் (தொற்று வந்ததும் முதலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்) பாசிட்டிவ், ஐஜிஜி (பின்னால் உருவாகி நிலைத்து நிற்பது) நெகட்டிவ். எந்த டைப் என்று இல்லை. அதைவிடக் கொடுமை, முன்பு மாமியாருக்கு அங்கே சுகர் பார்த்தபோது கொடுத்த நம்பரிலேயே என் பெயரையும் பதிந்துவிட்டார்கள். ரிப்போர்ட் நேராக அத்தையின் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. நல்லவேளை, அத்தை யாரிடமோ கேட்டு அதை அக்கி என்று நினைத்துக்கொண்டு, "வேளார் வீட்டுக்குப் போய் காவி எழுதிட்டு வந்துடும்மா, ரெண்டு நாள்ல அமுங்கிடும்" என்றார். அக்கி வேறு வைரஸ், சின்னம்மை போட்டவர்களுக்குப் பிற்பாடு வருவது. நான் திருத்தவில்லை, சரி அத்தை என்று சொல்லிவிட்டேன். எந்த லேபுக்குப் போனாலும் பணம் கட்டுவதற்கு முன் எந்த நம்பர் பதிந்திருக்கிறது என்று கேளுங்கள்.

கடைசியில் உருப்படியாகப் பேசியது அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுதான். அங்கே போகக் கூச்சப்பட்டுத்தான் காசைத் தனியாரிடம் கொட்டினேன் என்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உள்ளே தனி அறை, கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்கள். அங்கேயே இருக்கும் நம்பிக்கை மையத்தில் (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) எச்ஐவி, அதோடு சிஃபிலிஸ், எல்லாம் இலவசமாகப் பார்த்தார்கள், இரண்டுமே நெகட்டிவ். அங்கிருந்த டாக்டரம்மா என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஐஜிஎம் வரியைப் பேனாவால் அடித்தே விட்டார். அது பழைய ஹெர்பீஸ் திரும்பக் கிளம்பினாலும் பாசிட்டிவ் காட்டும், வேறு வைரஸுக்கும் தப்பாகக் காட்டும், அதை வைத்துப் புதுசா பழசா என்று முடிவு கட்டவே கூடாதாம். டைப் 2 ஐஜிஜி தனியாக எடுக்க வேண்டும், அதுவும் உடம்பில் உருவாகச் சில வாரம் முதல் மூன்று மாதத்துக்கு மேல்கூட ஆகும் என்பதால் எனக்குப் பிறகு ஒருமுறை எடுக்கச் சொன்னார். "உங்க வீட்டுக்காரருக்கு இப்பவே எடுங்க" என்றார்.

அவருக்குத்தான் ஒன்றுமே இல்லையே என்றேன். அப்போது சொன்னதுதான் விஷயம். இந்த வைரஸ் உள்ளே வந்துவிட்டால் இடுப்புக்குக் கீழே தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சில் தங்கிவிடும். அவ்வப்போது நரம்பு வழியாகத் தோலுக்கு இறங்கி வரும். வரும்போதெல்லாம் கொப்புளம் கிளம்ப வேண்டும் என்றில்லை. சில மணி நேரம் தோலில் இருந்துவிட்டு அடங்கிவிடும், பார்த்தால் தோல் சுத்தமாக இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் நெருங்கினால் தொற்றும். 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில் டைப் 2 உள்ளவர்கள் தினமும் தாங்களே மாதிரி எடுத்துப் பார்த்தார்கள்; புண் வந்து பழகியவர்களிடம் 100 நாளில் சுமார் 20 நாளும், புண்ணே வந்ததில்லை என்றவர்களிடம் சுமார் 10 நாளும் வைரஸ் இருந்தது. ஒரு பக்கம் இப்படி இருக்க, வருஷக்கணக்காகச் சேர்ந்து வாழ்ந்தும் தொற்றாமல் இருப்பதும் உண்டு, ஏழாவது வருஷத்தில் தொற்றுவதும் உண்டு.

அப்புறம் டாக்டரம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார், "தொடையில, பின்பக்கம் எப்பவாவது சின்னதா கீறல் மாதிரி, அரிப்பு மாதிரி வந்து தானா போயிருக்கா?" அவர் கொஞ்சம் யோசித்து, "பைக் ஓட்டுறதால சூட்டுக் கொப்புளம் வரும் மேடம், வெயில் காலத்துல" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்தக் கொப்புளத்துக்கு நானே சந்தனம் அரைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அவருடைய ரத்தத்துக்கு வேறு லேபுக்குப் போனோம். டைப் 2 தனியாக என்று சீட்டில் எழுதியிருந்தும் 1-ம் 2-ம் சேர்த்த டெஸ்டைப் போட்டு பாசிட்டிவ் என்று நீட்டினார்கள். சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஜனங்களுக்குப் பாசிட்டிவ்தான் வரும். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு டைப் 1 இருக்கிறது, பலருக்குச் சின்ன வயதில் வாய் வழியாக வந்தது. மேனேஜரைக் கூப்பிட்டு, சீட்டைக் காட்டி, காசில்லாமல் திரும்ப எடுக்க வைத்தேன். இந்த மொத்த விவகாரத்தில் நான் ஜெயித்த ஒரே சண்டை அதுதான். ரிப்போர்ட்டில் டைப் 2 ஐஜிஜி அளவு 5-க்கு மேல். (3-க்குக் கீழே இருந்தால் தப்பான பாசிட்டிவாக இருக்கலாம், உடனே இடிந்து போகாதீர்கள்.) எனக்கு மூன்று மாதம் கழித்து எடுத்ததில் டைப் 2 பாசிட்டிவ். அதாவது எனக்குப் புதுசு, அவரிடம் முன்பே இருந்தது.

எப்போதிலிருந்து? அதை எந்த டெஸ்டும் சொல்லாது, பத்து வருஷமும் இருக்கலாம், போன வருஷமும் இருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பழக்கம் இருந்தது என்றார். ரிப்போர்ட்டை வைத்து யாரையும் யோக்கியன், அயோக்கியன் என்று நிரூபிக்க முடியாது என்று டாக்டரம்மா எங்களிடம் நேராகவே சொன்னார். மீதி எங்கள் வீட்டுக்குள் பேசி முடித்தது.

ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத ஜோடிகளுக்கு: புண் இருக்கும்போது மட்டும் ஒதுங்கியிருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் தொற்றுவதே புண் இல்லாத நாட்களில்தான். ஆணுறை அபாயத்தைக் குறைக்கும், ஆனால் மூடாத தோலிலிருந்தும் வரலாம். இருப்பவர் தினமும் வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராம் எடுத்தால் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைவதை 2004-ல் வந்த ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்டு எடுங்கள், கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் கட்டாயம் சொல்லிவிடுங்கள், கடைசி மூன்று மாதத்தில் புதிதாகத் தொற்றுவதுதான் குழந்தைக்கு ரொம்ப ஆபத்து. எங்களுக்கு இரண்டாவது குழந்தை ஆசை இருக்கிறது. எனக்கு இப்போது எதிர்ப்பு உருவாகிவிட்டதால் அபாயம் குறைவு, 36-வது வாரத்திலிருந்து மாத்திரை, வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன் என்றார்கள்.

இதெல்லாம் தெரிகிற வரைக்கும் என் துணியை, துண்டை எல்லாம் பெண்ணின் துணியோடு சேராமல் டெட்டாலில் தனியாக ஊறவைத்துத் துவைத்துக்கொண்டிருந்தேன். துணியிலோ பாத்ரூமிலோ இருந்து வராது என்று நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் சொன்னதும் அதை நிறுத்தினேன். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097-க்கு (தேசிய எய்ட்ஸ் உதவி எண்) கூப்பிடலாம், காசில்லை, பேர் சொல்ல வேண்டியதில்லை.