கிணற்று நீரும் மாரி நீரும்: ஹாப்ஸ் நாட்குறிப்பு

நவம்பர் 9
ஜெர்மனியிலிருந்து வந்திருக்கும் மருமகன், பியருக்குக் கசப்பும் வாசமும் தரும் கொடிப்பூவான ஹாப்ஸில் மூன்று வகைப் பொதிகளைத் தந்தான்: மக்னம், காஸ்கேட், சாட்ஸ். அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் வடிப்பது சட்டத்துக்கு மாறு. எனக்கு வேண்டியது கசப்பும் வாசமும்தான். பூவைக் கஷாயம்போல அவித்தாலே அவை தெரிந்துவிடும். சாட்ஸ் பூவொன்றைப் பிய்த்துப் பார்த்தேன். இதழடியில் மஞ்சள் பொடி, விரலில் பிசினாக ஒட்டியது. சரக்கெல்லாம் அந்தப் பொடியில்தான். நம் பனையைப்போல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. கள்ளுக்கு ஆண் பனையையும் சீவுகிறோம். பியருக்கோ பெண் கொடியின் பூ மட்டுமே.

நவம்பர் 10
வகைக்கு 2 கிராம், அரை லீற்றர் கிணற்று நீர், 20 நிமிடம் கொதி. அந்த மஞ்சள் பொடியில் உள்ள ஆல்ஃபா அமிலம் கொதியில் உருமாறித்தான் கசப்பைத் தருகிறது. பொதியில் மக்னத்துக்கு 13 வீதம், காஸ்கேடுக்கு 6, சாட்ஸுக்கு 3 என்று இருக்கிறது. மக்னம் கசந்ததில் வியப்பில்லை. சாட்ஸுமா தொண்டையை அறுக்க வேண்டும்? அம்மா ஒரு மிடறோடு பேணியை வைத்துவிட்டார்: "இதற்கு வேப்பம்பட்டை பரவாயில்லை, தம்பி."

நவம்பர் 12
கேத்திலின் உட்புறம் வெள்ளைப் படலம். இத்தனை நாள் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்! எங்கள் மண்ணுக்கு அடியில் சுண்ணக்கல். கிணற்று நீரில் அது கரைந்திருக்கிறது. அத்தகைய நீர் ஹாப்ஸின் கசப்பை முரடாக்கிவிடும். 1842 இல் செக் நாட்டின் பில்சன் நகரில் பொன்னிற லாகர் என்ற பியர் வகை பிறந்ததற்கும், அதில் சாட்ஸ் துலங்கியதற்கும் அந்த ஊரின் மென்மையான நீரும் ஒரு காரணம்.

நவம்பர் 15
இரவு நல்ல மழை. கூரை கழுவுப்படும்வரை பொறுத்து, பிறகு பீலியில் வாளி வைத்தேன். அதே அளவு, அதே நேரம். மக்னம் இப்போதும் கசக்கிறது, ஆனால் அடியில் கரகரப்பு இல்லை. காஸ்கேடில் இன்னொரு பங்கை, அடுப்பிலிருந்து இறக்கிய நீரில் போட்டு மூடிவைத்தேன்; கொதித்தால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். மூடியைத் திறந்ததும் தேசிக்காய்த் தோலை நகத்தால் கீறிய மணம்.

சாட்ஸைக் கடைசியாகக் குடித்தேன். கசப்பு மெதுவாக வந்து நாவில் நின்று, சுவடில்லாமல் இறங்கியது. பிறகு காய்ந்த புல்லும் இலேசான மிளகும். ஐந்து நாளுக்கு முன் தொண்டையை அறுத்த அதே பூ! மூன்றில் என் மனம் இதற்குத்தான்.

நவம்பர் 16
மருமகன் பயணப்படுகிறான். "மாமா, அடுத்த முறை எது கொண்டுவர?" என்றான். சாட்ஸ் மட்டும் போதும் என்றேன். மாரி முடியுமுன் இரண்டு குடமாவது மழைநீர் பிடித்து, துணி கட்டி வைக்க வேண்டும்.