மூன்று பவுனுக்கு ஒரு கிராம் குறைவு

தை அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் வேதாரண்யத்தில் இறங்கி லாட்ஜ் தேடினேன். விடிந்தால் கோடியக்கரையில் கடலாட ஊரே திரண்டிருக்கிறது, இவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறானே என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு மடங்கு வாடகை கேட்டார் ஒருவர். கொடுத்தேன். எனக்கும் அமாவாசைதான் வேண்டியிருந்தது, ஆனால் தர்ப்பணம் கொடுக்க அல்ல. நிலா வெளிச்சம் இருந்தால் பறவையின் கண்ணுக்கு வலை தெரிந்துவிடும். அதனால் உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைகளைப் பிடித்து, அடையாளத்துக்காகக் காலில் வளையம் போடுகிறவர்கள் கும்மிருட்டு ராத்திரியாகப் பார்த்துத்தான் வலை கட்டுவார்கள். முறையாக அனுமதி வாங்கிய ஒரு குழுவோடு, நண்பன் தயவில், ஒரே ஒரு ராத்திரி ஒட்டிக்கொண்டேன்.

கோடியக்கரைக்கு எல்லோரும் பூநாரை பார்க்கத்தான் போவார்கள். போன முறை நானும் அப்படித்தான். தூரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு, நாலு வெளிமான், மட்டக் குதிரை, ராமர் பாதம், திரும்பி வந்து பரோட்டா.

இந்த முறை இருட்டில் சேற்றுக்குள் நடை. "செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்குங்க தம்பி" என்று உள்ளூர்க்காரர் ஒருவர் சொன்னதை நான் கேட்கவில்லை. இடது கால் செருப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கும். வலை கறுப்பு நைலான், தலைமுடி மாதிரி மெல்லிசு. மூங்கில் கழிகளுக்கு நடுவே தொய்வாகக் கட்டியிருந்தார்கள். மோதுகிற பறவை அந்தத் தொய்வில் பை போல விழுந்து கிடக்கும். நேரம் விட்டு நேரம் போய்ப் பார்த்து எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் சிக்கல் இறுகிவிடும். பறவைமேல் அக்கறை என்று சொல்லிக்கொண்டு வலை விரிப்பதா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்ததை மறைக்க மாட்டேன்.

முதலில் வந்தது ஒரு கொசு உள்ளான். துணிப்பையில் போட்டு வில்தராசில் மாட்டினார்கள், பையின் எடை கழித்து 23 கிராம். மூன்று பவுனுக்கு ஒரு கிராம் குறைவு! கழுத்துச் சங்கிலி எடைகூட இல்லாத இது, கோடையில் சைபீரியாவின் வடகோடித் தரையில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருகிறது. இறக்கையை ஸ்கேலில் வைத்து அளந்தார்கள், அலகை அளந்தார்கள், இறக்கையை விசிறி போல விரித்து டார்ச் அடித்து எந்தச் சிறகு பழசு, எது புதுசு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஒரு மாணவி குறித்துக்கொண்டார். வயதைக் கணிக்க இந்தச் சிறகுக் கணக்கு உதவும். முதல் வருஷக் குஞ்சுகளில் பல கோடையிலும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிடுமாம், இது எனக்குப் புதுச் செய்தி. அப்புறம் இடுக்கியால் அலுமினிய வளையம். அதில் எண்ணும், கண்டெடுப்பவரைப் பம்பாய்க்குத் தகவல் சொல்லச் சொல்லும் பொடி ஆங்கில எழுத்தும்.

என்னிடம் கொடுத்து, பறக்கவிடச் சொன்னார்கள். உள்ளங்கையைத் திறந்தும் அது போகவில்லை. சூடாக உட்கார்ந்திருந்தது, அதன் நெஞ்சு அடிப்பது எண்ண முடியாத வேகத்தில் என் விரலுக்குத் தெரிந்தது. பிறகு ஒரு சின்னக் கீச்சு, கை காலி.

அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கையில் பிளாஸ்க் டீயோடு கதை வந்தது. 1957இல் அப்போதைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா பக்கம், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்து, ஆட்களுக்கும் காய்ச்சல் பரவியது. அந்த வைரஸ் ரஷ்யாவில் உண்ணி கடித்துப் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்குச் சொந்தம் போல இருக்கவே, வலசை வரும் பறவைகள்தான் உண்ணியைச் சுமந்து வந்தனவா என்று சந்தேகம். உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது, பறவையியலாளர் சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பெரிய அளவில் பறவை பிடித்து வளையம் போட ஆரம்பித்தது. சந்தேகம் கடைசிவரை நிரூபணமாகவில்லை. ஆனால் குற்றம் சாட்டி ஆரம்பித்த விசாரணையில்தான் எந்தப் பறவை எங்கிருந்து எங்கே போகிறது என்ற விவரம் குவிந்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சரணாலயம் என்ற பெயரே கோடியக்கரைக்கு 1967இல்தான் வந்தது.

டீ ஆறியதும் பேச்சும் இறங்கியது. 1980களில் வந்த கரைப்பறவைக் கூட்டத்தோடு பார்த்தால் இப்போது வருவது வெகு குறைவு. உப்பளங்கள் பெருகின, நல்ல தண்ணீர் வரத்து குறைந்தது, சேற்றில் உப்பு ஏறினால் இவை தின்னும் புழுவும் பூச்சியும் குறைந்துபோகும். கரைப்பறவை ஒன்றுக்கு உப்புக்கொத்தி என்று பேர் வைத்திருக்கிறோமே தவிர, அது கொத்துவது உப்பை அல்லவே.

மூன்றாவது சுற்றில் வந்த உள்ளான் காலில் ஏற்கெனவே வளையம். உப்புத் தண்ணீரில் தேய்ந்து தகடு மெலிந்து எண் மங்கியிருந்தது. சட்டென்று யாரும் பேசவில்லை. "சார், டார்ச்சக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க" என்றார் அந்த மாணவி. பிடித்தேன். மூன்றா எட்டா என்று ஒரு இலக்கத்தில் இரண்டு பேருக்குள் சண்டை வந்து, லென்ஸ் வந்து, எட்டுதான் என்று முடிவாகி, பழைய நோட்டைப் புரட்டினார்கள். இதே கோடியக்கரையில், நாலு வருஷத்துக்கு முன்னால் போட்டது.